கழுதைப் பாதையின் கீழ் கேட்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இது ஒரு பயணக் கட்டுரையாக இருக்க வேண்டியது. சென்னையிலிருந்து ஒரு பத்திரிகை ஆசிரியர் கூப்பிட்டார். "பிரான்ஸ் கிராமத்துல, ஆள் நடமாட்டம் இல்லாத பாதையில சைக்கிள் விடுறதப் பத்தி எழுதிக் குடுங்க மேடம். திராட்சைத் தோட்டம், பழைய சர்ச், சீஸ்... மனசுக்கு இதமா இருக்கணும்." சரி என்றேன். போனை வைத்த பிறகுதான் எங்கள் மோர்வான் மலைப்பக்கத்தில் கண்ணுக்கெட்டிய தூரம் வரை திராட்சைக் கொடியே கிடையாது என்பது உறைத்தது. இங்கே இருப்பவை காடு, கிறிஸ்துமஸ் மரத் தோட்டம், வெள்ளை மாடு, மழை.

இருந்தாலும் உட்கார்ந்தேன்.

"காலைப் பனி புல்வெளிகளின் மேல் ஒரு வெண்ணிறப் போர்வையைப்

(நிறுத்திவிட்டேன். பனிக்கு எத்தனை பேர்தான் போர்வை வாங்கிக் கொடுப்பார்கள்.)

"சரளைக்கல் மேல் டயர் உருளும் ஓசை, இரும்புச் சட்டியில் மணலோடு கடலை வறுபடுவதைப் போல

(இது பரவாயில்லை. ஆனால் இந்த வரியின் நடுவில் ஒதில் வந்து கதவைத் தட்டிவிட்டாள். அதோடு கட்டுரை போயிற்று.)

என்னைப் பற்றி இரண்டு வரி. பெயர் தமயந்தி, சொந்த ஊர் காரைக்கால். லா வெர்னே என்ற இந்தச் சிற்றூருக்கு வந்து இருபது வருடத்துக்கு மேலாகிறது. தொழில் பல் வைத்தியம். சுற்றுவட்டாரத்தில் வேறு பல் மருத்துவர் இல்லை. ஆகையால் எல்லோரும் என்னிடம் மிகுந்த மரியாதையோடு பேசுவார்கள், ஒதிலைத் தவிர. அவளுக்குப் பற்கள் அத்தனையும் ஆரோக்கியம்.

இன்னொரு விஷயத்தையும் இப்போதே சொல்லிவிட வேண்டும். நம் ஊரில் கிராவல் ரோடு என்றால் தார் போடாமல் விட்ட ரோடு, கவுன்சிலரைத் திட்டுவோம். இங்கே அப்படிப்பட்ட ரோட்டைத் தேடிப் போவதற்கென்றே வளைந்த கைப்பிடியும் பருத்த டயருமாக ஒரு சைக்கிள் விற்கிறார்கள். அதற்குப் பெயரே கிராவல் சைக்கிள். நானும் ஒன்று வைத்திருக்கிறேன். காரைக்காலில் இருக்கும் என் அண்ணனுக்கு இதை விளக்கியபோது, "உடம்பு நல்லாருக்கா?" என்று கேட்டான்.

2

ஒதிலுக்கு வயது அறுபதை ஒட்டி.

(இந்த வரியை அவளுக்குப் பிரெஞ்சில் சொல்லிக் காட்டினேன். "அம்பத்தஞ்சுன்னு போடு" என்றாள். "பொய் இல்லையா?" என்றேன். "கதைன்னுதானே சொன்னே" என்றாள். எனவே ஒதிலுக்கு வயது ஐம்பத்தைந்து.)

பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறாள். நெட்டையான, எலும்பான உடம்பு. பின்னால் பார்க்கும் கண்ணாடியில் அவள் ஒருமுறை பார்த்தால் போதும், பேருந்து முழுவதும் வாயை மூடிக்கொள்ளும். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் சைக்கிள் கூட்டத்துக்கும் அவள்தான் தலைவி. கூட்டம் என்றால் நாலு பேர்: ஒதில், நான், ரொட்டிக்கடை அன்செல்ம், பள்ளி ஆசிரியை மாயெல்.

தேவாலயத்தின் பின்னாலிருந்து காட்டுக்குப் போக இரண்டே வழி. ஒன்று தார்ச்சாலை. அதில் மரம் ஏற்றிய லாரிகள் சாலை தங்களுக்கு மட்டுமே போட்டது என்ற எண்ணத்தில் போகும். ஒரு லாரியின் பக்கவாட்டுக் கண்ணாடி அன்செல்மின் தோள்பட்டையில் தட்டி, காறை எலும்பு முறிந்து, ஊரே பல நாள் பக்கத்து ஊர் ரொட்டியைத் தின்ன வேண்டியதாயிற்று. இன்னொரு வழி கழுதைப் பாதை. ஊருக்குச் சொந்தமான பொதுப்பாதை; மாடு வளர்க்கும் மர்சியாலின் மேய்ச்சல் நிலத்தின் ஊடாகப் போகிறது. மேலே தேவாலயத்தின் பக்கம் ஒரு கேட், கீழே காட்டின் பக்கம் ஒரு கேட். போகிறவர் திறந்து, போய், மூட வேண்டும். அவ்வளவுதான். அதைத் தாண்டிவிட்டால் நாள் முழுக்கச் சரளைப் பாதைகள். ஒரு மனிதரைப் பார்க்காமல் ஏரிவரை போய் வரலாம்.

அன்று கதவைத் தட்டிய ஒதில் உள்ளே வரவில்லை. தலைக்கவசம் மாட்டியபடியே நின்றாள்.

"தமா, சைக்கிள எடு."

"எழுதிட்டிருக்கேன்."

"என்னத்த?"

"அமைதியான பாதைகளப் பத்தி."

"பாதையே போகப்போவுது. அப்புறம் எதப் பத்தி எழுதுவே?"

ஊர்மன்ற வாசலில் அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள். கழுதைப் பாதையை மர்சியாலுக்கு விற்றுவிட ஊர்மன்றம் யோசிக்கிறது. பொதுமக்கள் பயன்படுத்தாத பாதையை மட்டும்தான் அப்படி விற்கலாம். யாராவது பயன்படுத்துகிறார்களா என்று பார்த்து அறிக்கை கொடுக்க வெளியூரிலிருந்து விசாரணை அதிகாரி ஒருவர் சனிக்கிழமை வருகிறார்.

"உன் தம்பிகிட்டப் பேசிப் பாரேன்" என்றேன்.

"அவனா? நான் மாடாப் பொறந்திருந்தாத்தான் அவன் பேசுவான்."

ஆம், மர்சியால் அவளுடைய கூடப்பிறந்த தம்பி.

(ஒரு சங்கடம். பிரெஞ்சுக்காரர்களிடம் 'டா' கிடையாது. அக்காவும் தம்பியும் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டுக்கொள்வார்கள். ஆனால் ஒதில் "மர்சியால்" என்று சொல்லும்போது அந்தக் கடைசி 'ல்'லில் ஒரு 'டா' ஒட்டிக்கொண்டிருக்கும். இருபது வருடமாகக் கேட்கிறேன். எங்கெல்லாம் எனக்கு அது கேட்டதோ அங்கெல்லாம் எழுதியிருக்கிறேன்.)

3

மர்சியாலை முதல் வரைவில் வில்லனாகத்தான் எழுதினேன். சிவந்த கழுத்து, தொப்பை, நிலப்பசி. நன்றாக வந்திருந்தது. கெட்ட நேரம், அதே வாரம் அவருக்குக் கடைவாய்ப் பல் வலி.

மரப்பு ஊசி போட்டுவிட்டு அது பிடிக்கும்வரை காத்திருந்தேன். என்னிடம் அவர் 'நீங்க'தான் சொல்வார். பல்வலி வந்தால் இன்னும் கூடுதலாகச் சொல்வார்.

"டாக்டர், நீங்களும் அவ கூட்டந்தானே?"

"ஆமா."

"போன வருசம் என் பிவோன் செத்தது தெரியுமா?"

பிவோன் அவருடைய பசு. யாரோ கீழ் கேட்டைத் திறந்து போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். அது காட்டுப்பாதை வழியாக இறங்கித் தார்ச்சாலைக்குப் போய், லாரியில் அடிபட்டது. வயிற்றில் கன்று. மண்ணில் இரண்டு சக்கரத் தடம் இருந்தது என்கிறார்.

"எங்க ஆளுங்க மூடாம வர மாட்டாங்க மர்சியால்."

"நீங்க மூடுவீங்க. ஊர் பேர் தெரியாதவன் எவனோ போன்ல மேப்பப் பாத்துக்கிட்டு வர்றானே, அவன் மூடுவானா? நான் ஒவ்வொருத்தன் பின்னாலயும் போயிட்டிருக்க முடியுமா?" பாதி முகம் மரத்திருந்ததால் சொற்கள் ஒரு பக்கமாக வழுக்கி வந்தன. "அத விடுங்க. ரொட்டிக்கடையில நாலு பேர் முன்னாடி ஒதில்கிட்டச் சொன்னேன், உன் சைக்கிள்காரங்க என் பசுவக் கொன்னுட்டாங்கன்னு. அவ என்ன சொன்னா தெரியுமா?"

தெரியும். நானும் அங்கே இருந்தேன். "உன் பசுவுக்குப் பிரேக் இல்லாததுக்கு நாங்க என்ன பண்றது" என்றாள். கடையே சிரித்தது. அன்றிலிருந்து மர்சியால் அவளோடு பேசவில்லை.

"ராத்திரி பூரா அது பக்கத்துலயே ஒக்காந்திருந்தேன்" என்றார். நான் விளக்கை அவர் வாய்க்கு நேரே திருப்பினேன்.

எழுந்து போகும்போது கேட்டார்: "நீங்க ஏதோ எழுதுறதாப் பேச்சு. அதுல நான் யாரு?"

"இதுவரைக்கும் வில்லன்."

"தொப்பை இருக்கா?"

"இருக்கு."

"அத எடுத்துடுங்க."

தொப்பையை எடுத்துவிட்டேன். வில்லனையும் எடுக்க வேண்டியதாயிற்று. இப்போது என்னிடம் ஒரு கதை இருக்கிறது, அதில் கெட்டவர் யாரும் இல்லை. இதைவிடச் சிரமமான நிலைமை எழுதுகிறவருக்கு வர முடியாது. அதிகாரியை வில்லனாக்கிப் பார்க்கலாம் என்று

(முடியவில்லை. படித்தால் தெரியும்.)

4

திட்டம் ஒதிலுடையது. தீட்டிய இடம் அன்செல்மின் ரொட்டிக்கடைப் பின்கட்டு. அன்செல்மின் மச்சானுக்குக் காட்டோரம் கிறிஸ்துமஸ் மரத் தோட்டம் இருக்கிறது. அதன் வழியாகச் சனிக்கிழமை ஒருநாள் மட்டும் போய்க்கொள்ள அனுமதி கொடுத்திருந்தார். ஆக, கழுதைப் பாதையில் இறங்கி, கீழ் கேட்டைத் தாண்டி, மரத்தோட்டத்தைச் சுற்றித் தேவாலயத்தின் பின்னால் வந்து, மாயெலின் கார் டிக்கியில் இருக்கும் பழைய விளையாட்டுச் சட்டைகளில் ஒன்றை மாட்டிக்கொண்டு, அதிகாரிக்குப் புது ஆள் போல மறுபடி இறங்க வேண்டும்.

"இது ஏமாத்து வேலை" என்றேன்.

"நாம அந்தப் பாதையில போறமா, இல்லையா?" ஒதில் கேட்டாள்.

"போறோம்."

"அப்புறம் என்ன ஏமாத்து? கொஞ்சம் அடிக்கடி போறோம். வேர்த்தா சட்டைய மாத்துறது நல்ல பழக்கம்."

அன்செல்ம் தன் வயிற்றைக் காட்டினார். "இத எந்தச் சட்டைக்குள்ள ஒளிப்பே?"

(அன்செல்ம் தன்னை ஒல்லியாக எழுதச் சொல்லி ஒரு கூடை வெண்ணெய் ரொட்டி அனுப்பினார். சாப்பிட்டுவிட்டேன். ஆனால் இந்த இடத்தில் வயிறு இல்லாவிட்டால் கதை நகராது.)

"நீ சைக்கிள்ல வராதே. காளான் பொறுக்கிறவனா வா. அடுத்த தடவை உன் மச்சானோட கழுதையப் பிடிச்சிக்கிட்டு வா. கழுதைப் பாதைன்னு பேரு, ஒரு கழுதையாவது போவணும்ல."

"நான்?" என்றேன். "இந்த ஊர்ல பழுப்பா இருக்கிறது நானும் உன் காலணியுந்தான். எந்தச் சட்டை போட்டாலும் நான் நான்தான்."

ஒதில் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"நீ வேகமாப் போ" என்றாள்.

5

அக்டோபர் சனிக்கிழமை. பனி இருந்தது. (போர்வை இல்லை.)

விசாரணை அதிகாரி முசியே கெனோ, அதாவது திருவாளர் கெனோ, ஓய்வுபெற்ற நில அளவையாளர். மடக்கு நாற்காலி, கழுத்துத்துண்டு, பிளாஸ்கில் காப்பி, கையில் கட்டைவிரலால் அழுத்தி எண்ணும் சிறு கருவி. கீழ் கேட்டுக்கு உட்புறம் ஓக் மரத்தடியில் உட்கார்ந்திருந்தார். மாடுகள் தொலைவில் மேட்டில் மேய்ந்துகொண்டிருந்தன.

முதல் சுற்றில் நீலச் சட்டை. "போன்ழூர் முசியே" என்று வணக்கம் சொல்லி, கேட்டைத் திறந்து, வெளியே போய், கேட்டைக் கொஞ்சம் தூக்கிச் சங்கிலியைக் கொக்கியில் மாட்டினேன். அந்தக் கேட் அப்படித்தான். தூக்கி மாட்டாவிட்டால் மூடியது போலத் தெரியும், மூடியிருக்காது. அவர் பணிவாகத் தலையசைத்தார். டிக்.

பின்னால் மாயெல், டிக். ஒதில், டிக். காளான் கூடையோடு அன்செல்ம், டிக்.

இரண்டாவது சுற்றில் மஞ்சள் சட்டை, கறுப்புக் கண்ணாடி, காதுவரை இழுத்துவிட்ட தொப்பி. வேகமாகவே போனேன். ஆனால் கேட் என்று ஒன்று இருக்கிறதே, அங்கே நின்றுதான் ஆக வேண்டும்.

"உங்க அக்கா இப்பத்தான் போனாங்க" என்றார் அவர்.

"அப்படியா முசியே?"

"நீலச் சட்டை. ரொம்ப மரியாதையானவங்க."

டிக்.

மூன்றாவது சுற்றுக்கு வேண்டாம் என்று மன்றாடினேன். ஒதில் அன்செல்மின் மழைக்கோட்டை என் தலைவழியாக மாட்டிவிட்டாள். அதற்குள் என்னைப் போல இன்னும் இரண்டு பேர் குடியிருக்கலாம். அவள் முன்னால் போய்விட்டாள். நான் பாதையில் இறங்கினால், அதிகாரி நாற்காலியில் இல்லை. பிளாஸ்க்கைக் கையில் வைத்துக்கொண்டு, பாதி தூரம் மேலேறி எனக்கு எதிரே நடந்து வந்துகொண்டிருந்தார்.

"கடைசித் தங்கச்சியா?" என்றார்.

நான் காலை ஊன்றினேன்.

"குளிருதே, ஒரு வாய் காப்பி குடிங்க. உங்க குடும்பம் எந்த ஊர்ப் பக்கம்?"

"காரைக்கால். இந்தியாவுல, கடலோரம்."

"எல்லாருக்கும் ஒரே மாதிரி சைக்கிள். ஒரே மாதிரி முன்பல்லு இடைவெளி." அவர் சிரிக்கவே இல்லை. "அழகான குடும்பம். கழுதைப் பாதையாச்சே, காளான் பொறுக்குறவர் கூட அடுத்து கழுதையோட வருவாருன்னு எனக்குள்ள ஒரு எண்ணம். வருவாரா?"

"வரலாம் முசியே."

"நல்லது. அதுக்காகத்தான் காத்திருக்கேன்."

(இங்கே ஒரு எழுத்தாளராக நான் மகிழ்ந்தேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். நல்ல பாத்திரம் தானாக நடந்து வந்து காப்பி கொடுத்தது. அந்த மகிழ்ச்சியில் கீழ் கேட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றோம், அவரும் நானும்.)

அவருடைய ஊரைப் பற்றிக் கேட்டேன். சொன்னார். பிறகு தலையைத் திருப்பிக் கீழே பார்த்து, "மாடுங்களும் பாதையப் பயன்படுத்துதே. அதையும் எண்ணணுமா?" என்றார்.

திரும்பினேன். கடைசி மாட்டின் பின்புறம் கீழ் கேட்டைத் தாண்டிக்கொண்டிருந்தது. புல்வெளியில் ஒன்றுகூட மிச்சமில்லை.

6

காட்டுப்பாதை கீழ் கேட்டிலிருந்து ஒரு பெரிய வளைவு வளைந்து தார்ச்சாலையில் போய் இறங்குகிறது. வளைவைக் குறுக்கே வெட்டிக்கொண்டு மழைநீர் ஓடி அரித்த ஒரு பள்ளம், நேரே செங்குத்தாகக் கீழே போகும். கல்லும் வேரும். நல்ல புத்தியுள்ளவர்கள் அதில் நடந்துகூட இறங்க மாட்டார்கள்.

வேலிப்புதருக்குப் பின்னாலிருந்து ஒதில் வெளியே வந்தாள். எங்கிருந்து முளைத்தாள் என்று யோசிக்கக்கூட நேரமில்லை. பச்சைச் சட்டை, தலையில் மாயெலின் பின்னல் குல்லா. "மர்சியாலக் கூப்பிடு" என்று என்னைப் பார்த்துக் கத்திவிட்டு, பெடலில் எழுந்து நின்று, பள்ளத்துக்குள் சைக்கிளை விட்டாள்.

நான் மர்சியாலுக்குப் போன் செய்துகொண்டே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பின்னால் இறங்கினேன். அதிகாரியும் இறங்கினார், கழுத்துத்துண்டு கிளையில் மாட்டிக்கொள்ள. கீழே ஒதில் ஒரு வேரில் தூக்கிப் போடப்பட்டு, விழுந்து, எழுந்து, மறுபடி ஏறுவது தெரிந்தது. அப்போதுதான் லாரி கேட்டது. சனிக்கிழமை லாரி வராது என்று எல்லோரும் சொல்வார்கள். மேட்டில் கியர் மாற்றும் அதே உறுமல்.

நான் போய்ச் சேர்ந்தபோது, தார்ச்சாலைக்குச் சற்று மேலே, பாதையின் குறுக்கே ஒதிலின் சைக்கிள் கிடந்தது. அதன் முன்னால் அவள் கைகளை விரித்து நின்றாள். முழங்கையில் ரத்தம். எதிரே முன்மாடு, அதன் பின்னால் பாதை நிறைய வெள்ளை உடம்புகளும் கன்றுகளும், மூச்சுப் புகையும். ஒதில் கத்தவில்லை. தாழ்ந்த குரலில் என்னவோ சொல்லிக்கொண்டே இருந்தாள். பேருந்தில் அழும் சின்னப் பிள்ளையிடம் பேசுகிற குரல். மாடு தலையைத் தாழ்த்தியது. ஒரு அடி எடுத்து வைத்தது. அவள் நகரவில்லை.

கீழே லாரி கடந்து போனது. தரை அதிர்ந்தது.

மாடு நின்றுவிட்டது.

நாலு சக்கர வண்டியில் மர்சியால் மேலிருந்து வந்து சேர்ந்தார். அக்காவைப் பார்த்தார், அவள் முழங்கையைப் பார்த்தார். அவர் ஒரு விசில் கொடுத்தார், அவள் இடப்பக்கம் போனாள். இன்னொரு விசில், அவள் ஒரு கன்றை மடக்கினாள். ஒரு வருடமாகப் பேசாத இரண்டு பேர் அவ்வளவு பிசிறில்லாமல் வேலை செய்ததை நான் பார்த்ததில்லை. வளைவில் மேலே திரும்பியபோது மரத்தோட்டத்துப் பக்கமாக மாடுகள் சிதறப் பார்த்தன. சரியாக அந்த வழியிலிருந்து அன்செல்ம் கழுதையோடு வந்தார். நடந்தது எதுவும் தெரியாமல், முகத்தை வழிப்போக்கனைப் போல வைத்துக்கொண்டு, "போன்ழூர் முசியே" என்று அதிகாரிக்கு வணக்கம் சொன்னார். கழுதை வழியை அடைத்துக்கொண்டு நின்றது. மாடுகள் மனம் மாறி மேலே ஏறின.

அதிகாரி பையில் கைவிட்டார். டிக்.

7

எல்லா மாடும் உள்ளே போனபின் மர்சியால் கேட்டைத் தூக்கிச் சங்கிலியை மாட்டினார். பிறகு எங்கள் பக்கம் திரும்பினார்.

"யாரு?"

முசியே கெனோவின் முகம் சுண்ணாம்பாகியிருந்தது. அவர் வாயைத் திறந்தார்.

"நான்தான்" என்றாள் ஒதில்.

மர்சியால் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபத்தில் கத்துவார் என்று நினைத்தேன். மாறாக மிக மெதுவாக, "நீயா?" என்றார்.

"நான்தான்டா. அவசரத்துல மாட்டாம போயிட்டேன்."

"சங்கிலிய மாட்டாம போனே. நீ."

"ஆமாங்கிறேன்ல."

அவர் வண்டியில் ஏறிப் போய்விட்டார். முசியே கெனோ நாற்காலியை மடக்கினார், அது மடங்க மறுத்தது, மாயெல் உதவினாள். போகுமுன் ஒதிலிடம் வந்து நின்று தொப்பியைக் கழற்றினார், மறுபடி மாட்டிக்கொண்டார்.

(பத்திரிகை ஆசிரியருக்கு: அதன்பின் நாங்கள் அன்செல்மின் கடையில் உட்கார்ந்து சீஸ் சாப்பிட்டோம். ஆட்டுப்பால் சீஸ். யாருக்கும் ருசி தெரியவில்லை.)

8

இரண்டு நாள் கழித்து ஒதிலின் முழங்கைக் கட்டைப் பிரித்துப் பார்க்கப் போனேன். பல் வைத்தியம் படித்தவள்தான், ஆனால் இந்த ஊரில் எல்லாவற்றுக்கும் நான்தான்.

"உனக்கு அந்தச் சங்கிலி தூக்கத்துலகூட மறக்காது" என்றேன்.

அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னாள். மூன்றாவது சுற்றில் அவள் கீழே வந்தபோது நாற்காலி காலியாக இருந்தது. எண்ண ஆளில்லாதபோது எதற்குப் போவது என்று புதருக்குப் பின்னால் ஒதுங்கி நின்றாள். முசியே கெனோ வெளியே மரத்தடியில் ஒன்றுக்குப் போய்விட்டு, கேட் வழியாக உள்ளே வந்து, அதைச் சும்மா இழுத்துவிட்டார். சங்கிலியை மாட்டவில்லை. பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு என்னைப் பார்க்க மேலே நடந்தார்.

"நீ அதப் பாத்தே."

"பாத்தேன்."

"அப்பவே போய் மாட்டியிருக்கலாம்ல?"

"மாட்டியிருக்கலாம். போனா, அவர் திரும்பிப் பாத்திருப்பாரு. நீ இப்பத்தான் வந்து நிக்கிறே, பின்னாலேயே நானும் வந்தா வேசம் கலைஞ்சிடும். ரெண்டு நிமிசம் கழிச்சுப் போவலாம்னு உங்களையே பாத்துக்கிட்டு நின்னேன்." கையைப் பிடுங்கிக்கொண்டாள். "மாடு ரெண்டு நிமிசம் நிக்கல."

"அப்ப நீ சொன்னது பாதி பொய்."

"பாதி நெசம்னும் சொல்லலாம்."

"அவரக் காப்பாத்தினியா, இல்ல அவரக் கடனாளி ஆக்கினியா?"

ஒதில் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பற்றி மூன்று வாக்கியங்கள் எழுதி மூன்றையும் அடித்துவிட்டேன். எதுவும் அவள் பக்கம் நியாயமாக இல்லை.

"நீதானே எழுதுறவ. ரெண்டுல ஒண்ண நீயே வச்சிக்கோ. ஆனா உன் மொழியில மட்டும் எழுது. இங்க எவனுக்கும் தெரியப்படாது. மர்சியாலுக்குத் தெரிஞ்சா முதல் வேலையா வக்கீலக் கூட்டிட்டு வருவான். அதிகாரியே கேட்ட தொறந்து போட்டாருன்னா அறிக்கை செல்லாது. மறுபடி முதல்லேருந்து."

"உன் தம்பிக்கு அக்கா பொய் சொன்னாங்கிறது தெரியாமலே போயிடுமே."

அவள் கட்டைத் தானே சுற்றிக்கொண்டாள். பிவோனைப் பற்றிய அந்தப் பிரேக் நகைச்சுவையை அவள் அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு ஒருமுறைகூடச் சொன்னதில்லை என்பது மட்டும் எனக்குத் தெரியும். நல்ல நகைச்சுவை கிடைத்தால் நாலு வருடம் ஓட்டுகிறவள் அவள்.

9

அறிக்கை திங்கட்கிழமை வருகிறது. அதற்குமுன் கதையை முடித்துவிட வேண்டும் என்று பிடிவாதமாக இருக்கிறேன். வந்துவிட்டால் அதை எழுத வேண்டியதாகிவிடும்.

முயன்று பார்த்த முடிவுகள் சில.

அதிகாரி எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டு விலகுகிறார். (நேர்மையான முடிவு. படிக்கிறவர்கள் நாற்காலியை மடக்கிக்கொண்டு எழுந்து போய்விடுவார்கள்.)

பாதை ஊருக்கே என்று எழுதுகிறார். நாங்கள் ஜெயிக்கிறோம். மர்சியால் தன் மாட்டைக் கிட்டத்தட்டக் கொன்ற அக்காவோடு சாகும்வரை பேசுவதில்லை. (எழுதிப் பார்த்தேன். ஒதிலுக்குச் சொல்லிக் காட்டத் தைரியம் வரவில்லை.)

பாதை மர்சியாலுக்கு. அவர் அதை உழுது கிறிஸ்துமஸ் மரம் நடுகிறார். முதல் மரத்தை அக்கா வீட்டு வாசலில் கொண்டுபோய்

(இல்லை. சர்க்கரை அதிகம். பல்லுக்கு ஆகாது.)

முசியே கெனோ காரைக்காலுக்குப் போய் என் சகோதரிகளைத் தேடுகிறார். (இது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. ஆனால் கதைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.)

10

இன்று ஞாயிற்றுக்கிழமை. ஒருவேளை கழுதைப் பாதையில் கடைசி ஞாயிறாகவும் இருக்கலாம். நாலு பேரும் கிளம்பினோம். மழை நின்று சரளைக்கல் பளபளத்தது.

கீழ் கேட்டில் மர்சியால் நின்றுகொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் சங்கிலியைக் கழற்றிக் கேட்டைத் திறந்து பிடித்துக்கொண்டார். அன்செல்ம் போனார், மாயெல் போனாள். ஒதில் அவர் எதிரே வந்து வேகத்தைக் குறைத்தாள்.

"கை எப்படியிருக்கு?" என்றார் அவர், தரையைப் பார்த்துக்கொண்டு.

"மடக்க வருது."

"ம்."

அவள் போய்விட்டாள். நான் கடைசி. அவர் கேட்டைப் பாதி சாய்த்து என் முன்சக்கரத்தைத் தடுத்தார்.

"டாக்டர். அந்தக் கத எழுதி முடிச்சிட்டீங்களா?"

"கிட்டத்தட்ட."

"அதுல இந்தக் கேட்டு வருதா?"

"வருது."

"அஞ்சு வயசுலேருந்து அவ இந்தச் சங்கிலிய மாட்டுறா. ஒருநாளும் விட்டதில்ல. எங்கிட்ட ஏன் பொய் சொன்னா?" அவர் கண்கள் ஒதில் மறைந்த வளைவில் இருந்தன. "உங்க கதையில யாரு தொறந்துவிட்டா? அத மட்டும் சொல்லுங்க."

உண்மையைச் சொன்னால் அவருக்கு அக்கா திரும்பக் கிடைக்கலாம், பாதை போய்விடலாம். சொல்லாவிட்டால் பாதை இருக்கும், ஒருவேளை. சொன்னாலும் அவர் வக்கீலைக் கூப்பிடாமல் இருப்பார், ஒருவேளை. இன்று காலை அவர் கேட்ட "கை எப்படியிருக்கு" எந்தத் தட்டில் விழுகிறது என்று எனக்குத் தெரியவில்லை. நான் எழுதுகிறவள். எனக்கு எல்லா முடிவும் பிடிக்கும். இந்த மாதிரி ஆளிடம் இந்த மாதிரிக் கேள்வியைக் கேட்கக் கூடாது.

ஆனால் நீங்கள் இருக்கிறீர்கள். திராட்சைத் தோட்டம் இல்லை என்று தெரிந்தும் இவ்வளவு தூரம் என் பின்னாலேயே வந்தீர்கள். இவர்கள் எல்லோரையும் இப்போது உங்களுக்கும் தெரியும். கொஞ்சம் முன்னால் வாருங்கள். நான் இந்த இடுக்கில் சைக்கிளை நுழைத்துப் போய்விடுகிறேன். அவர்கள் வளைவில் காத்திருக்கிறார்கள்.

மர்சியால் உங்களைத்தான் பார்க்கிறார். பிரெஞ்சு தெரியாது என்று நழுவப் பார்க்காதீர்கள். இவ்வளவு நேரம் அவர் உங்களிடம் தமிழில்தானே பேசினார்.